சில்பி விட்ட வெள்ளை

முதலில் நிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கிய புது நிப்பில் மை நிற்காது. துருப் பிடிக்காமல் இருக்க மேலே லேசான எண்ணெய்ப் பூச்சு கொடுத்திருப்பார்கள். அப்படியே தோய்த்தால் மை முத்து முத்தாகத் திரண்டு, தாளில் வைத்ததும் சொட்டாக விழும். தீக்குச்சிச் சுடரில் கண நேரம் காட்டுங்கள். இல்லையென்றால் சோப்பு நீரில் கழுவித் துடையுங்கள். பிறகு வேண்டாத தாளில் கோடு இழுத்து இழுத்துப் பழக்குங்கள். நிப்பின் இரண்டு நாக்கும் உங்கள் கைச் சாய்வுக்கு இணங்கி வரச் சில நாள் பிடிக்கும். ஒருவர் பழக்கிய நிப்பை அடுத்தவர் தொடக்கூடாது என்பது எங்கள் பட்டறை வழக்கம்.

சேலத்தில் லெட்டர்பிரஸ் ஓடிக்கொண்டிருந்த நாளில் அச்சகங்களுக்குப் படம் எழுதிக் கொடுத்துப் பிழைத்தவன் நான். கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார், கும்பாபிஷேக நோட்டீசுக்கு ராஜகோபுரம், ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன், ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு மகாலட்சுமி. எல்லாம் லைன் பிளாக்குக்கான கறுப்பு மைப் படங்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அதிகம் பேசமாட்டார். பேச வேண்டிய இடத்தில் ஒரு பைண்டு நோட்டை எடுத்து முன்னால் போடுவார். பழைய ஆனந்த விகடன் இதழ்களிலிருந்து வெட்டி ஒட்டிய சில்பியின் படங்கள் அதில் இருந்தன. கூடவே ஒரு பூதக்கண்ணாடியும் கொடுப்பார். “பாரு கண்ணு” என்பார். பார்த்து முடித்தேன் என்று எழுந்தால், “அந்த அம்மன் முழங்கையில கோடு எந்தப் பக்கம் வளையுது?” என்று கேட்பார். சொல்லத் தெரியாவிட்டால் திட்டமாட்டார். நோட்டு மறுபடி என் முன்னால் வந்துவிடும்.

சில்பி எங்கள் பக்கத்துக்காரர். 1919-இல் நாமக்கல்லில் பிறந்தவர். இயற்பெயர் சீனிவாசன். பையனின் கையைப் பார்த்து, இவனைச் சென்னைக்கு அனுப்பி ஓவியம் படிக்க வையுங்கள் என்று சொன்னவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. 1949-இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர் ஆனவர் என்பதால் அவரைப் பாட்டோடு மட்டும் சேர்த்து நினைக்கிறோம். அவருக்குப் பல காலம் சோறு போட்டது தூரிகை; உருவப்படம் எழுதிப் பிழைத்தவர் அவர். தொழில் தெரிந்தவர் கண்ணில் பட்டது அந்தப் பையனின் கொடுப்பினை. தொழில் தெரியாதவர்கள் “நல்லா வரையறான்” என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்ல அவர்களால் முடியாது.

அப்படிச் சில்பி போய்ச் சேர்ந்த எழும்பூர் ஓவியப் பள்ளி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. 1930களில் அதன் முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். சிற்பம் செய்கிறவர் தலைமையில் இருந்த பள்ளியில் சில்பி படம் கற்றார் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். நாமக்கல் பையன் பிறந்ததே குடைவரைகளின் காலடியில். நரசிம்மர் குடைவரையில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரும் வராகரும் திரிவிக்கிரமரும் பாறையிலேயே எழும்பி நிற்கிறார்கள். கல் எப்படித் திரண்டு முன்னே வருகிறது என்பதைக் கண் அங்கேயே பழகியிருக்கும்; பள்ளி அதற்கு முறை கொடுத்திருக்கும். விகடனில் சேர்ந்தபோது அங்கே சித்திரப் பகுதிக்குத் தலைமையாக இருந்த மாலி, இவர் கோட்டில் சிலையின் கனம் இருப்பதைக் கண்டு ‘சில்பி’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர்தான் கடைசிவரை நின்றது. 1983-இல் காலமானார்.

அதே விகடனில், அதே மாலியின் கீழ் வளர்ந்தவர் கோபுலு. கற்க வருகிறவர்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோபுலு நாலு கோட்டில் ஒரு மாமியை ஓட வைப்பார். சில்பி நாலாயிரம் கோட்டில் ஒரு அம்மனை அசையாமல் நிற்க வைப்பார். எது உயர்த்தி என்ற பேச்சுக்கே நான் வரமாட்டேன். உங்கள் கை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ள இரண்டும் வேண்டும்.

லைன் பிளாக் எப்படி ஆகிறது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அது தெரியாமல் சில்பியின் கோட்டைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால் சொல்கிறேன். எழுதிய படத்தைப் பெரிய கேமராவில் பிடிப்பார்கள். ரசாயனப் பூச்சு தடவிய துத்தநாகத் தகட்டின்மேல் அந்த நெகட்டிவை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் பூச்சு கெட்டிப்படும். மற்ற இடத்தை நைட்ரிக் ஆசிட் அரித்துவிடும். கோடு மட்டும் மேடாக நிற்கும். அதில் மை உருட்டி அச்சடிப்பார்கள். இந்த முறையில் சாம்பல் நிறம் என்ற ஒன்றே கிடையாது. கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. சாம்பல் வேண்டுமானால் ஆஃப்டோன் பிளாக்குக்குப் போக வேண்டும். அதில் படம் புள்ளி புள்ளியாக உடைந்து, மட்டமான தாளில் மங்கிப்போகும். ஆகவே நிழலைக் கோட்டாலேயே நெய்தாக வேண்டும்.

அச்சில் வரப்போகும் அளவைவிட ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ பெரிதாகத்தான் எழுதுவோம். சுருக்கும்போது கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இருக்கும் வெள்ளையும் சேர்ந்து சுருங்கும். நெருக்கிப் போட்ட கோடுகள் ஒட்டிக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். ‘அடைச்சுக்கும்’ என்போம். அதற்குப் பயந்து மையில் தண்ணீர் கலந்து இளங்கோடு போட்டால் அது பாதி பிளாக்கில் விழும், பாதி விழாது. அச்சில் கோடு அறுந்து அறுந்து வரும். மை முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். கோடு மெல்லியதாக இருக்கலாம், வெளுத்து இருக்கக்கூடாது. இந்த இரண்டு வேலிக்குள் நின்றுகொண்டுதான் சில்பி, கருங்கல் மூலவர் மேனியில் எண்ணெய் மினுக்குகிற அந்த நிறத்தைக் கொண்டுவந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்: ஆழமான நிழலிலும் குறுமணல் அளவுக்காவது வெள்ளை விட்டிருப்பார். நிழல் மூச்சு விடுவது அந்த வெள்ளையில்தான். அடுத்தவர்கள் கறுப்பை எங்கே போடுவது என்று யோசிப்பார்கள். அவர் வெள்ளையை எங்கே விடுவது என்று யோசித்தவர் என்பது என் முடிவு.

கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்று வாத்தியார் கேட்டதற்கு வருகிறேன். கை உருண்டை. வளையல் கையைச் சுற்றிக் கிடப்பதுபோல நிழல் கோடும் கையைச் சுற்றிப் போக வேண்டும். மேலிருந்து பார்த்தால் வளைவு ஒரு பக்கம். கீழிருந்து பார்த்தால் வளைவு மறுபக்கம். கருவறை வாசலில் நிற்கிறவனின் கண் மட்டத்துக்கு மேலே இருக்கும் தோளில் கோடு மேல்நோக்கி வளையும், கீழே இருக்கும் பாதத்தில் கீழ்நோக்கி வளையும். சில்பியின் ஒரே படத்தில் இந்த மாற்றம் தலையிலிருந்து கால்வரை தப்பாமல் நடக்கும். வரைந்தவரின் கண் எந்த உயரத்தில் இருந்தது என்பதை அதிலிருந்தே சொல்லிவிடலாம். கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் செய்வது என்னவென்றால், எல்லா நிழலையும் ஒரே சாய்வில், வலமிருந்து இடமாகக் கீறித் தள்ளிவிடுவார்கள். கைக்கு அது சுகம். படம் தட்டையாகிவிடும்; சாமி அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல நிற்கும்.

என்னிடம் வந்த ஒரு பெண் நல்ல உழைப்பாளி. ஓர் அம்மன் படத்தை நகை ஒன்று விடாமல், காசுமாலையில் ஒவ்வொரு காசுக்கும் விளிம்பு, நிழல், பூவேலை எல்லாம் போட்டுக் கொண்டுவந்தாள். முகம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஒரு வெள்ளைத் தாளில் முகத்தின் அளவுக்கு ஓட்டை வெட்டி, படத்தின்மேல் வைத்துக் காட்டினேன். “முகம் நல்லாத்தான் இருக்குதுங்க” என்றாள். இருந்தது, அதை மற்றவை மூடிவிட்டன. சில்பியின் படத்தில் காசுமாலை வெளிச்சப் பக்கம் வரும்போது பாதிக் காசுகளுக்கு விளிம்பே இருக்காது. கண் அதை நிரப்பிக்கொள்ளும். நிழல் பக்கம் திரும்பும்போதுதான் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிற நாளில் போய்ப் பாருங்கள். அத்தனை வடைக்கும் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தால் அனுமார் காணாமல் போவார். கொத்தாகப் பாருங்கள், ஓரத்தில் தொங்கும் சிலவற்றை மட்டும் தீர்க்கமாக எழுதுங்கள். வெண்ணெய்க் காப்பு நாளில் வேலை அதைவிடக் கடினம். வெள்ளையின்மேல் வெள்ளை. அங்கே கோடே போடாமல், விழும் நிழலை மட்டும் எழுதி உருவத்தைக் கொண்டுவர வேண்டும்.

அந்த ஆஞ்சநேயர் 18 அடி உயரம், மேலே கூரை கிடையாது, கைகூப்பி நிற்கிறார். ஒரு மாணவன் காலடியிலிருந்து செல்போனில் படம் பிடித்து, அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தான். பாதம் பூதாகாரமாகவும் தலை எலுமிச்சம்பழம் அளவிலும் இருந்தன. இன்னொருவன் அந்தக் கோணலைச் சரிசெய்கிறேன் என்று சிற்பிகளின் தாலக் கணக்குப்படி அளந்து எழுதினான். அளவெல்லாம் சரி; நாமக்கல்லில் நிற்கிற அனுமாராக அது இல்லை. கழுத்தைத் தூக்கிப் பார்க்கிற அந்த உயரம் போய்விட்டது. பின்னால் எவ்வளவு தள்ளிப்போக இடம் இருக்கிறதோ அவ்வளவு தள்ளிப்போய் நின்று, பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, தலைக்கு எத்தனை, மார்புக்கு எத்தனை என்று அளந்து எழுதச் சொன்னேன். கேமராவின் கண் ஒன்று, நம்முடையது இரண்டு, அதோடு கழுத்தும் இருக்கிறது.

தாலமானம் தெரிந்திருக்க வேண்டும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. முகத்தின் நீளம் ஒரு தாலம். சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாலம், 124 அங்குலம்; தேவியருக்கு மத்திம தசதாலம், 120. உருவத்தின் நடுவே இறங்கும் பிரம்மசூத்திரம், உடல் வளைந்து நிற்கும் பங்கங்களில் அந்தச் சூத்திரத்திலிருந்து இடுப்பு எவ்வளவு விலகும் என்பதெல்லாம் ஸ்தபதிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கணக்கு தெரிந்த பிறகு சந்நிதிக்குப் போனால், இந்தச் சாமி கணக்கிலிருந்து எங்கே விலகுகிறது என்பது கண்ணில் படும். மோவாய் சற்று அகலம். ஒரு தோள் தாழ்வு. கண் மலர் சாத்தியதால் பார்வை சற்று உயர்ந்திருக்கும். அதை எழுதினால்தான் அது அந்த ஊர் அம்மன். தேவன் எழுத்தில் சில்பியின் படங்களோடு விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வந்தபோது ஜனங்கள் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடி போட்டுப் பூஜை அறையில் மாட்டினார்கள். கேமரா நுழையக்கூடாத கருவறை. அங்கே நிற்கும் மூலவரை, அந்த முகம் மாறாமல், அந்த அலங்காரம் மாறாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது மனிதக் கை. காலண்டர் அம்மன்களுக்கு எல்லா ஊரிலும் ஒரே முகம். சில்பி எழுதிய இரண்டு அம்மன்களை மாற்றி வைத்துப் பெயர் சொல்ல முடியாது.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய பள்ளிக்கூடம். கெட்டி முதலிகள் எடுத்த கோயில். அங்கே வாலி சுக்ரீவன் தூணும் ராமன் தூணும் இருக்கின்றன. ராமன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி பக்கத்திலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான். கல்தச்சர் அப்படித் திட்டமிட்டு நிறுத்தியிருக்கிறார். பையன்கள் சிலரை அங்கே அனுப்பி, நின்ற இடத்திலிருந்து எழுதி வாருங்கள் என்றேன். ஒருவன் ராமனும் வாலியும் நேருக்கு நேர் முழு உருவத்தில் தெரிகிற படத்தோடு வந்தான். அழகான கோடு. “நீ எங்க நின்ன?” என்று கேட்டேன். பதில் சொல்ல முடியவில்லை. எந்த இடத்தில் நின்றாலும் அப்படித் தெரியாது. கதை தெரியும் என்பதால் கதையை எழுதிவிட்டான். திரும்பப் போய் வாலியின் பக்கத்தில் உட்கார்ந்து, தெரியாத ராமனை எழுதாமல் வா என்று அனுப்பினேன். இரண்டாவது முறை வந்த படத்தில் வாலியின் முதுகும் தூணின் இருட்டும் மட்டும் இருந்தன. அது நல்ல படம். இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

கல்லும் பஞ்சலோகமும் சுதையும் ஒரே கோட்டில் வராது. உற்சவர் உலோகம், கறுப்பிலிருந்து வெள்ளைக்குச் சட்டென்று தாவும், நிழல் பக்க விளிம்பில் பக்கத்து வெளிச்சம் ஏறி ஒரு மெல்லிய வெள்ளை ஓடும். அந்த வெள்ளையை விட மறந்தால் பஞ்சலோகம் மண்ணாகிவிடும். தூண் சிற்பம் உளி வாங்கிய கருங்கல். அதற்குத் துண்டுக் கோடும் புள்ளியும், அறுந்த விளிம்பும். கோபுரத்துச் சுதைக்கு நிழல் மெதுவாக இறங்க வேண்டும். கருவறை மூலவரில் இவை எல்லாவற்றுக்கும் மேலாக விளக்கு இருக்கிறது. தொங்கும் விளக்கு மேலிருந்தும் குத்துவிளக்கு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் தரும். தீபாராதனையின்போது கற்பூரம் கீழிருந்து ஏறி, மூக்கின் நிழலைப் புருவத்துக்கு அனுப்பும். இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, கடைசிவரை அதையே நம்பி எழுதுங்கள். நான் பக்கத்து விளக்கைத்தான் தேர்வேன். தீபாராதனை நேரத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுங்கள். அப்போது பார்த்த முகம் மனசில் நிற்கும். கண்ணும் உதடும் எழுதும்போது அது உதவும்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் புட்டி மை திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் கெட்டிப்படும். காய்ச்சி வடித்த நீர் ஓரிரு சொட்டு விடுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். அரக்குச் சேர்ந்த மை நிப்பிலேயே காய்ந்து ஒட்டும். பக்கத்தில் ஈரத்துணி இருக்கட்டும், நாலு கோட்டுக்கு ஒரு தரம் துடையுங்கள். உள்ளங்கை வியர்வை பட்ட தாளில் மை கசியும், அந்த இடம் முன்கூட்டித் தெரியாது. கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் போட்டுக்கொள்ளாமல் உட்காராதீர்கள். பென்சில் கோட்டை அழிக்க மறுநாள்வரை பொறுங்கள். ஈரம் இருக்கும்போது ரப்பர் பட்டால் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகும். தப்பிய கோட்டைப் புது பிளேடின் முனையால் சுரண்டி, நகத்தால் தேய்த்து மழுப்பி, அதன்மேல் மறுபடி எழுதலாம். ஒரே இடத்தில் இரண்டாம் தரம் சுரண்டினால் தாள் பஞ்சாகிவிடும். நீண்ட கோட்டை விரலால் இழுக்காமல், முழங்கையிலிருந்து, மூச்சை விட்டுக்கொண்டே இழுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் பாதி வழியில் கோடு நடுங்கும்.

வாத்தியார் பர்மிங்காமில் செய்த கில்லட் நிப்புதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார். அது கிடைக்காத மாதங்களில் கிடைத்ததை வைத்து எழுதினோம்; படம் நின்றது. டேப்லெட்டில் வரைகிற பிள்ளைகளும் வருகிறார்கள். வரட்டும். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: போட்ட கோட்டைத் திரும்ப எடுக்கிற வசதியை ஒரு மாதம் தொடாமல் எழுதிப் பாருங்கள். கோடு போடும் முன்னால் எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்பது மாறிவிடும்.

சில்பிக்கு நேர்ச் சீடராக இருந்து கற்றவர் பத்மவாசன். குருவின் பக்கத்தில் உட்கார்ந்து கற்ற கை எப்படி இருக்கும் என்பதை அவர் கோயில் படங்களில் பார்க்கலாம். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. அச்சான தாளைப் பார்த்துக் கற்றவன். உங்களுக்கும் அதுதான் வழி என்றால் கவலை வேண்டாம். ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ விகடன் பிரசுரத்தில் நூலாக வந்திருக்கிறது. வாங்க முடியாதவர்கள் நூலகத்தில் கேளுங்கள். எடுத்ததும் அம்மன் முகத்தில் கை வைக்காதீர்கள். தூணில் தொடங்குங்கள். தூணின் பட்டை நேராக நிற்கிறதா என்று பார்த்தபின் யாளிக்குப் போங்கள். அங்கிருந்து கை, பாதம், ஆடை மடிப்பு. பிறகு நகை. படத்தின் ஒரு மூலையை மட்டும் எடுத்து, கட்டம் போட்டு, இரண்டு மடங்காகப் பெருக்கி எழுதுங்கள். அவர் வெள்ளை விட்ட இடத்தில் நீங்களும் வெள்ளை விட்டிருக்கிறீர்களா என்று சரிபாருங்கள். ஒரு படத்தை அப்படி முடித்த கையோடு, புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுத் தாரமங்கலத்துக்குக் கிளம்புங்கள். விசேஷம் இல்லாத வார நாளாக, முற்பகலாகப் பார்த்துப் போங்கள். குருக்களிடம் முதலில் சொல்லிவிட்டு, ஜனங்கள் நடக்கிற வழியை அடைக்காமல், தூணிலிருந்து அதன் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி உட்காருங்கள்.